பந்து இன்னும் காற்றில்தான் இருக்கிறது: மங்கா படித்துவிட்டு அனிமே பார்த்தவர்கள்

மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதையைப் படித்துவிட்டு, அதன் அனிமேஷன் வடிவமான அனிமேயைப் பார்த்த அனுபவம் என்றால், என்னுடையது ஸ்லாம் டங்க். தகேஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் வரைந்த, ஒரு பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியின் கதை. படிக்கும்போது ஆட்டம் பறக்கும். ஒரு பக்கத்தில் அணியின் ஆட்டக்காரன் ருகாவா எகிறுவான், தாளைத் திருப்பினால் பந்து வளையத்துக்குள். அதே சூட்டோடு டோயி அனிமேஷனின் டிவி தொடரைப் போட்டேன். பந்து கையை விட்டுக் கிளம்புகிறது. தடுக்க வந்தவன் மனசுக்குள் பேசுகிறான். பெஞ்சில் இருப்பவனும் பேசுகிறான். பார்க்க வந்த ஒருவர் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கம் வேறு சொல்கிறார். அசையாத ஓவியத்தின் மேல் கேமரா மட்டும் மெல்ல நகர்கிறது. பந்து இறங்கவே இல்லை!

சோம்பேறித்தனம் என்று இதைத் திட்டுபவர்கள் உண்டு. நான் திட்ட மாட்டேன். அப்போது தொடர் வாராவாரம் ஓடியது, இனோவேயும் வாரம் ஒரு அத்தியாயம்தான் தந்தார். வேகமாகப் போனால் அவர் வரைந்துகொண்டிருக்கும் இடத்தில் போய் முட்டிக்கொள்ளும். அதோடு, ஓடுவதைக் காட்ட ஏகப்பட்ட ஓவியம் வேண்டும், நின்று யோசிப்பதற்கு ஒன்றிரண்டு போதும். இழுப்பதில் நேரமும் மிச்சம், காசும் மிச்சம்.

அப்படி இழுத்தும் 1996 மார்ச்சில், 101 எபிசோடோடு, தேசியப் போட்டிக்கு முன்னாலேயே தொடர் முடிந்துவிட்டது. மங்காவில் இல்லாத ஒரு பயிற்சி ஆட்டத்தை வைத்து முடித்தார்கள். கதையின் உயிரே சன்னோ பள்ளியோடு மோதும் ஆட்டம்தான், அது டிவியில் கிடையாது. அதன் கடைசி நொடிகளை இனோவே ஏறக்குறைய வசனமே இல்லாமல் பக்கம் பக்கமாக வரைந்திருப்பார். 2022இல் அவரே எழுதி இயக்கிய படத்தில்தான் அது திரைக்கு வந்தது. பென்சில் கோடுகள் ஆளாக எழுந்து நடந்து வரும் தொடக்கத்திலேயே நான் காலி. கடைசி நொடிகளில் படம் சத்தத்தை அடக்கியதும் தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது.

* * *

மேலே எழுதிய அண்ணனுக்கு: நான் டிவி வழியாக வந்தவள். கதாநாயகன் சகுராகியின் குரல் என்றால் எனக்குப் பழைய குரல்தான், படத்தில் எல்லாருடைய குரலையும் மாற்றியது இன்னும் உறுத்துகிறது. டைட்டில் பாட்டில் கடலோரம் ஒரு ரயில்வே கேட் வருமே, கமகுராவில் எனோடென் ரயில் போகும் இடம், அதையும் நேரில் போய்ப் பார்த்தேன். கையில் போனோடு ஒரே கூட்டம். ரோட்டில் இறங்காதீர்கள் என்று காவலாளி கத்திக்கொண்டே இருந்தார். பச்சை ரயில் வந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவரின் தொப்பி.

* * *

இழுக்காமல் தப்பிக்க இன்னொரு வழியும் உண்டு, யாரும் சொல்லவில்லையே. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்! செத்துப்போன தாயை ரசவாதத்தால் உயிர்ப்பிக்கப் பார்த்த இரண்டு சகோதரர்களின் கதை. 2003இல் போன்ஸ் ஸ்டூடியோ தொடங்கியபோது ஹிரோமு அரகாவாவின் மங்கா பாதிகூட வரவில்லை. அவர் சம்மதத்தோடு கதையைத் தனியாகத் திருப்பி 51 எபிசோடில் முடித்தார்கள். அதில் ஹோமுன்குலஸ்கள் என்ற செயற்கை மனிதர்கள், செத்தவர்களை உயிர்ப்பிக்கப் பார்த்து அது தவறிப்போனதால் பிறந்தவர்கள். மங்காவில் அவர்கள் பிறப்பே வேறு. 2009இல் அதே ஸ்டூடியோ மங்காவை ஒட்டி மறுபடி எடுத்தது, 64 எபிசோட். எல்லாரும் இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்வார்கள். நான் முதலாவதைச் சொல்வேன். அதில் தாயைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்த பாவம் அந்தப் பையன்கள் எதிரில் வந்து நின்று சண்டை போடுகிறது. சண்டைக்கு வருபவர்கள் வரலாம், முதலில் 2003ஐப் பார்த்துவிட்டு வாருங்கள்.