20 வயதில் கடைசி சீசனா? ஒன்ராறியோ ஜூனியர் ஹொக்கி பற்றி ஒரு கேள்வி

மகளோடு அரங்கில்:
நானும் மகளும் இந்த சீசனில்தான் ஓஎச்எல் (ஒன்ராறியோ ஹொக்கி லீக்) ஐஸ் ஹொக்கி ஆட்டங்களுக்குப் போகத் தொடங்கினோம். ஒஷாவா ஜெனரல்ஸ்தான் எங்கள் அணி. இரண்டு விடயம் விளங்கவில்லை. தோற்ற அணிக்கும் சில நாள் ஒரு புள்ளி சேர்கிறதே, ஏன்? அப்புறம், மகளுக்குப் பிடித்த தடுப்பாட்டக்காரருக்கு இதுதான் கடைசி வருடமாம். 20 வயதுதானே? மகள் அழாத குறை.

நீலக்கோடு:
60 நிமிடமும் சமநிலையில் நின்று, மேலதிக நேரத்திலோ, கோலியை ஒவ்வொருவராக எதிர்கொள்ளும் ஷூட்அவுட்டிலோ தோற்றால் அந்த ஒரு புள்ளி. வென்றால் எப்போதும் இரண்டு.

வீடு கொடுத்தவர்:
அக்கா, எங்கள் வீட்டில் இரண்டு சீசன் ஒரு பெடியன் தங்கியிருந்தான். ஊரை விட்டு வரும் பிள்ளைகளை அணிகள் இப்படிக் குடும்பங்களோடுதான் விடும். ஒரு அணியில் 20 வயதுக்காரர் மூன்று பேருக்குத்தான் இடம். அதற்கு மேல் வயது போனால் லீக்கே இல்லை.

செப்டம்பரிலிருந்து மார்ச் வரை 68 ஆட்டம். தூரத்து ஊரான சூ செயின்ட் மேரியில் ஆடிவிட்டு வந்தால் பஸ் விடியப்புறம்தான் இறக்கும். கையுறைகளை ஹீட்டர் துவாரத்தின் மேல் விரித்துவிட்டுத்தான் படுப்பான். வீடெல்லாம் ஈரத்தோல் மணக்கும். மனைவி முதலில் முகம் சுளித்தாள், பிறகு அவளே எழும்பித் திருப்பிப் போடுவாள்.

சீசன் முடிவில் வரும் பிளேஓஃப் சுற்றில் தோற்று வெளியேறிய இரவு, ஹொக்கி மட்டையில் இருந்த டேப்பை உரித்துக்கொண்டு படியில் இருந்தான். ஒவ்வொரு ஆட்டமும் முடிய உரித்துவிட்டு உடனே புதிதாகச் சுற்றுவான். அன்று சுற்றவில்லை. நானும் பக்கத்தில் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் மகளிடம் சொல்லுங்கள், ஹொக்கி அதோடு முடியாது. ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் படிப்புக்கான உதவித்தொகை உண்டு. முன்பு இந்த லீக்கில் ஆடியவர்களை அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் சேர்க்க முடியாது. 2025 ஓகஸ்டிலிருந்து அதுவும் முடியும். எங்கள் பெடியன் இப்போது கனடாவிலேயே ஒரு பல்கலைக்கழக அணியில் ஆடுகிறான். போன மாதமும் போன் எடுத்தான்.

மகளோடு அரங்கில்:
நன்றி தம்பி. மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நேரத்தோடு போய், வோர்ம்அப் தொடங்கும்போதே கண்ணாடியோரம் நிற்க வேண்டுமாம். அந்தத் தடுப்பாட்டக்காரரின் சட்டை இலக்கத்தை இப்போதே பெரிய காட்போட் மட்டையொன்றில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.