கல்லூரி மாணவர்களைக் கீழடிக்குக் கூட்டிப்போவது: பாடமா, பிக்னிக்கா?

வைகைக்கரை: இரண்டாமாண்டு வரலாற்று மாணவர்களைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம் என்றேன். "யூனிட்டே முடியலை, இதில டூர் வேறயா" என்றார்கள் துறையில். 2023 மார்ச்சில் திறந்தது, மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு கருப்பு-சிவப்புப் பானை ஓட்டைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கினால் எப்படி?

சாக்பீஸ்: நடப்பது என்ன மேடம்? ஒரு பஸ், அறுபது பேர், முக்கால் மணி நேரத்தில் எல்லாக் கூடமும். அப்புறம் குரூப் போட்டோ, சாப்பாடு. மறுநாள் கேட்டால், "செட்டிநாட்டு வீடு மாதிரி சூப்பரா இருந்துச்சு சார்".

வைகைக்கரை: எல்லாக் கூடத்தையும் காட்டுவதால் வருகிற வினை அது. ஒரே ஓட்டின் முன் அரை மணி நேரம் நிறுத்துங்கள். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, ஏன்? சூளையில் கவிழ்த்து வைத்ததால் காற்றுப்படாத உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கருத்துவிட்டன. அடுத்து, 'ஆதன்' என்ற பெயர் கீறிய ஓடு. ஈரமண்ணில் எழுதியதா, சுட்டபின் கீறியதா? சுட்டபின் என்றால் குயவர்தான் எழுதினார் என்று சொல்ல முடியாது, பானையை வாங்கியவராகவும் இருக்கலாம். எழுத்து யார் யார் கையில் இருந்தது என்ற கேள்வி அங்கேதான் கிளம்பும்.

பின்பெஞ்ச்: நான் போயிருக்கிறேன் மேடம். கண்ணாடிக்குள் இருந்த ஓட்டின் உள்பக்கமே எனக்குத் தெரியவில்லை.

சாக்பீஸ்: தம்பி சொல்வதுதான் என் வாதமும். தொட முடியாத பொருளுக்கு பஸ் வாடகை எதற்கு? என் பொருளாதார வகுப்பில் 1957ஆம் வருட நயா பைசா ஒன்றைக் கைமாற்றி விடுவேன். 'ரூபாயில் நூறில் ஒரு பங்கு' என்று இந்தியில் இருக்கும். காசில் எதற்குக் கணக்கு? அதுவரை ரூபாய்க்கு 64 பைசா, ஜனங்கள் குழம்பக்கூடாதே! அன்றைக்கு ஒருவரும் தூங்குவதில்லை.

வைகைக்கரை: அப்போ நீங்களும் என் கட்சிதான் சார்.

சாக்பீஸ்: பொருள் வேண்டும், டூர் வேண்டாம். அவ்வளவுதான்.

வைகைக்கரை: காசு சட்டைப்பைக்குள் அடங்கும். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த முதுமக்கள் தாழியை எதில் கொண்டு வருவீர்கள்? ஸ்லைடில் அது ஊறுகாய் ஜாடி அளவுதான். பக்கத்தில் நின்றால்தான் உள்ளே இறந்துபோன ஒரு ஆளை வைத்தார்கள் என்பது உறைக்கும்.

சாக்பீஸ்: சரி, தாழியை ஒத்துக்கொள்கிறேன். இன்டர்னல் மார்க்குக்கு என்ன வழி?

வைகைக்கரை: அசைன்மென்ட்டுக்குப் பதில், ஒரு பொருளை வரைந்து மூன்று கேள்வி எழுத வேண்டும். நெட்டில் காப்பியடிக்க முடியாது.

பின்பெஞ்ச்: படம் கோணலாக வந்தால் மார்க் குறைப்பீர்களா மேடம்?