புதுப்பிப்பு: பிழைவட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் போதுமா?

இனங்காணப்படாத காமா மூலங்கள் (காமா கதிர் வருகிறது, ஆனால் எந்த வான்பொருளிலிருந்து என்று தெரியாதவை) பற்றிய என் பழைய இழைக்கு ஒரு திருத்தம். ஃபெர்மி காமா கதிர் விண்தொலைநோக்கி தரும் பிழைவட்டத்துக்குள் (மூலம் இருக்கக்கூடிய வான்பகுதி) ஸ்விஃப்ட் விண்தொலைநோக்கி ஒரு எக்ஸ் கதிர்ப் புள்ளியைக் கண்டால் ஆள் சிக்கியாச்சு என்று எழுதியிருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். மங்கலான மூலங்களுக்கு அந்த வட்டம் சில ஆர்க்மினிட் (ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்மினிட்) அகலம் இருக்கும். சம்பந்தமே இல்லாத ஒரு விண்மீனோ தொலைதூர விண்மீன்திரளோ அதற்குள் எக்ஸ் கதிர் வீசிக்கொண்டிருக்கலாம்.

ஜெமிங்காவையே பாருங்கள். சாஸ்-2 செயற்கைக்கோள் 1970களில் கண்ட காமா மூலம் அது. 1983இல் வானியலாளர் பிக்னாமியின் குழு ஐன்ஸ்டீன் செயற்கைக்கோளின் படத்திலிருந்து ஒரு எக்ஸ் கதிர்ப் புள்ளியைச் சுட்டியது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. 1992இல்தான் ரோசாட் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளின் தரவில் 0.237 நொடித் துடிப்பு தெரிந்தது. அதே தாளம் காம்ப்டன் விண் ஆய்வகத்தின் காமா தரவிலும் கிடைக்க, அது பல்சர் (வேகமாகச் சுழன்று துடிப்புத் துடிப்பாகக் கதிர்வீசும் நியூட்ரான் விண்மீன்) என்பது உறுதியானது. (மிலான் வட்டார வழக்கில் 'கே மிங்கா' என்றால் 'அங்கே இல்லை'. பெயர் வைத்தவர்களுக்குக் குறும்பு அதிகம்!)

அப்புறம், இப்படி இனங்காணப்படாதவை எத்தனை என்று கேட்டவர்களுக்கு: ஃபெர்மியின் முதல் 8 ஆண்டுத் தரவுப் பட்டியலில் 5,064 மூலங்கள். பட்டியல் வெளியானபோது அவற்றில் 1,300க்கு மேல் எந்த வான்பொருளோடு சேர்ப்பது என்று தெரியாதவை.