மரவள்ளியில் கிழங்கு அழுகல் நிற்கவே இல்லை

பண்ருட்டி பக்கம் செம்மண் காடு, சொட்டுநீர். ஆறு வருடமாக ஒரே நிலத்தில் மரவள்ளி, குங்குமரோஸ் ரகம். நட்ட ஏழாம் மாதம் இலை வாடுகிறது; பிடுங்கினால் கிழங்கு பழுப்பேறி, நீர் கசிந்து நாறுகிறது. மண் பரிசோதனையில் கார அமில நிலை 5.4, கரிமச்சத்து 0.3%.

ஏக்கருக்கு வேப்பம்புண்ணாக்கு 100 கிலோ போட்டாச்சு. நோயை அடக்கும் நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா விரிடி (பூஞ்சை), சூடோமோனாஸ் (பாக்டீரியா) தலா 1 கிலோ, மக்கிய எருவில் கலந்து ஈரத்தோடு வேரடியில் போட்டேன். தாமிர மருந்து இவற்றைக் கொன்றுவிடும் என்பதால், அதை ஊற்றி ஒரு மாதம் தள்ளித்தான் போட்டேன். கொஞ்ச நாள் தெளிந்தது, அப்புறம் பழையபடி. கரிமம் குறைந்த மண்ணில் வெளியிலிருந்து விட்ட நுண்ணுயிர் எங்கே தங்கும்? மல்லாட்டைக்கு (நிலக்கடலை) மாறலாம் என்றால் ஸ்கிளிரோஷியம் என்ற மண் பூஞ்சையின் அழுகல் அதற்கும் வரும்.

தக்கைப்பூண்டு பசுந்தாள் உரமாக மடக்கி உழுது ஒரு போகம் உளுந்து போட்டால் போதுமா, இரண்டு வருடம் மரவள்ளியை நிறுத்தியே ஆகணுமா?