வேதாளை வீடு குரூப்: அம்மாவோட தைராய்டு ரிப்போர்ட்

சரவணன்: அம்மாவுக்கு டி.எஸ்.எச். (தைராய்டு சுரக்கிறது குறைஞ்சா ரத்தத்துல ஏறுற ஹார்மோன்) 14.2. போன தடவை 6 இருந்துச்சு. தைராய்டு மாத்திரை, 50 மைக்ரோகிராம், ஒருநாள் விடாமப் போடுறாங்க. ஏன் ஏறுது?

பாண்டி: மதுரையில காட்டுங்கன்னு அப்பவே சொன்னேன்

சரவணன்: வாரம் மூணு நாள் டயாலிசிஸுக்கு ராமநாதபுரம் கூட்டிட்டுப் போறது யாரு?

பாக்கியம் அத்தை: மதினிக்குக் கடல்ல எடுக்குற கஞ்சிப்பாசி காய்ச்சிக் குடுங்கப்பா. தைராய்டுக்கு நல்லதாம், மண்டபம் ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. வியாழக்கிழமை காதுகுத்துக்கு வரும்போது ஒரு பை தாரேன்

செல்வி: அத்தை, பாசி மட்டும் வேண்டாம். அதுல அயோடின் இருக்கு. நமக்கு மிஞ்சுனது மூத்திரத்துல போயிரும். பெரியம்மாவுக்குக் கிட்னி வேலை செய்யாம மூத்திரமே இல்ல, உடம்புல தங்கும். அயோடின் கூடுனா தைராய்டு சுரக்கிறது குறையும், டி.எஸ்.எச். இன்னும் ஏறும். பாசியில பொட்டாசியமும் இருக்கு. சனிக்கிழமை முடிச்சா செவ்வாய்தான் அடுத்த டயாலிசிஸ், நடுவுல பொட்டாசியம் ஏறுனா நெஞ்சுத்துடிப்பே நின்னு போகலாம்

பாக்கியம் அத்தை: ஆத்தாடி. தெரியாதும்மா

செல்வி: அண்ணே, காலை மாத்திரை எப்படிக் குடுக்குறீங்க?

சரவணன்: இட்லித் தட்டு ஓரத்துல வச்சிருவேன். தைராய்டு, கால்சியம் அசிடேட், இரும்பு. ஒரே வாயில முழுங்கிருவாங்க

கார்த்தி: மச்சான் அதான் கோளாறு

செல்வி: ஆமா. கால்சியம் அசிடேட் சோத்துல உள்ள பாஸ்பரஸைப் பிடிக்கிற மாத்திரை. கூடவே தைராய்டு மாத்திரையில உள்ள தைராக்சினையும் குடல்ல பிடிச்சுக்கும். இரும்பும் அப்படித்தான். பாஸ்பரஸுக்கே போடுற இன்னொரு மாத்திரை செவலமர், அதுக்கு மாத்துனாலும் இதே தொல்லை. 4 மணி நேரம் தள்ளி இருக்கணும். காலை 5 மணிக்கு வெறும் வயித்துல தைராய்டு, ரெண்டு மடக்குத் தண்ணி போதும். டீ ஒரு மணி நேரம் கழிச்சு. இட்லியும் கால்சியமும் 9 மணிக்கு. இரும்பு ராத்திரி படுக்கும்போது. டயாலிசிஸ் நாள்லயும் இப்படியே போடலாம், தைராக்சின் ரத்தப் புரதத்தோட ஒட்டி இருக்கும், மெஷின்ல போகாது

பாண்டி: ரிப்போர்ட்ல ஃப்ரீ டி4, அதான் ரத்தத்துல உள்ள தைராக்சின், நார்மல்னு போட்ருக்கே?

செல்வி: ரத்தம் எப்ப எடுத்தாங்க?

சரவணன்: மெஷின் முடிஞ்சு, ஊசி உருவுறதுக்கு முன்னாடி

செல்வி: அப்ப அதை நம்பாதீங்க. மெஷின்ல ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற ஹெப்பாரின் ஓடுனப்புறம் எடுத்தா ஃப்ரீ டி4 உள்ளதை விட அதிகமாப் பொய்யாக் காட்டும். அடுத்த தடவை ஃபிஸ்டுலால (டயாலிசிஸுக்காக ஆபரேஷன்ல சேர்த்த ரத்தக்குழாய்) ஊசி குத்துனதும், ஹெப்பாரினுக்கு முன்னாடியே எடுக்கச் சொல்லுங்க

கார்த்தி: முடிக்குப் போடுற வைட்டமின் பயோட்டின் ஏதும் போடுறாங்களா? அதுவும் ரிசல்ட்டைக் குழப்பும்

சரவணன்: முடி கொட்டுதுன்னு சிங்கப்பூர்லருந்து பாண்டி அனுப்புன டப்பா

பாண்டி: அது நல்ல மாத்திரைண்ணே

செல்வி: முடி கொட்டுறது தைராய்டாலயும் இருக்கலாம். டப்பாவை டாக்டர்கிட்ட காட்டுங்க

பாண்டி: டோஸ் 100 ஆக்கச் சொல்லலாமா?

செல்வி: வேண்டாம். ஸ்டென்ட் வச்ச நெஞ்சு, ஏத்துனாலும் கொஞ்சங்கொஞ்சமாத்தான் டாக்டர் ஏத்துவார். நேரத்தை மாத்துனாலே உள்ள போற அளவு கூடும். 6லருந்து 8 வாரம் கழிச்சு டி.எஸ்.எச். பாக்கணும். படபடப்பு வந்தா உடனே சொல்லுங்க. டயாலிசிஸ்ல இருக்கவங்களுக்கு டி.எஸ்.எச். கூடுனா உயிராபத்து கூடுதுன்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க, அதனால சும்மா விடக்கூடாது. ஹீமோகுளோபின் ஊசி போட்டும் 8ஐத் தாண்டலையே, அதுக்கும் இது ஒரு காரணமான்னு கேளுங்க

சரவணன்: டி3ன்னு இன்னொரு தைராய்டு ஹார்மோனும் குறைவுன்னு இருக்கு

செல்வி: அது பல நேரம் தைராய்டு நோயே இல்லண்ணே. சத்துக் குறைவு, உள்ளுக்குள்ள அழற்சி. ரத்தப் புரதம் அல்புமின் 3.1தான இருக்கு. டி3க்குத் தனி மாத்திரை கேக்காதீங்க. தினம் ரெண்டு முட்டை வெள்ளைக்கரு, உப்புக் கம்மியா மீன். கருவாடு வேண்டாம்

பாக்கியம் அத்தை: நெத்திலிக் கருவாடு இல்லாம மதினிக்குச் சோறு இறங்காதே

செல்வி: உப்பு தாகத்தைக் கிளப்பும் அத்தை, தண்ணி குடிப்பாங்க, எடை ஏறிரும்

கார்த்தி: வியாழன் காதுகுத்து 10:30. மச்சான், உங்க அம்மா இல்லாம எப்படி?

சரவணன்: அன்னைக்கு டயாலிசிஸ்

பாண்டி: வெள்ளிக்கு மாத்துங்க

செல்வி: செவ்வாய்க்கு அப்புறம் வெள்ளின்னா இன்னொரு நீண்ட இடைவெளி. முதல் ஷிப்ட் 6 மணிக்குக் கேட்டுப் பாருங்க, 10 மணிக்கு முடிஞ்சிரும்

கார்த்தி: 12 மணிக்குத் தள்ள முடியுமான்னு பூசாரிட்ட கேக்குறேன்

சரவணன்: ஷிப்ட் கிடைச்சா சொல்றேன்

பாக்கியம் அத்தை: சாப்பாட்டுக்காவது கூட்டிட்டு வா. மதினிக்கு உப்பில்லாமத் தனியா எடுத்து வைக்கிறேன்

சரவணன்: சரித்தை. தைராய்டு டப்பாவை இப்பவே அம்மா தலைமாட்டுல வச்சிட்டேன். 5 மணிக்கு அலாரம்