காகிதக்கூழ் கிண்ணம் வெடிக்குது, மாமியார் சொம்பு மாட்டிக்கிச்சு: யாராவது வழி சொல்லுங்க

மாடிப்படி:
வணக்கம். நவராத்திரிக்கு இன்னும் 5 வாரம் இருக்கு. பரண்ல ஒரு வருஷப் பேப்பர் கிடக்கு, எடைக்குப் போட மனசு வரலை. எங்க ஆச்சி பேப்பரையும் வெந்தயத்தையும் ஆட்டுக்கல்லுல அரைச்சு முறத்துக்கு மெழுகுறதைச் சின்ன வயசுல பார்த்திருக்கேன். அதே கூழ்ல சின்னச் சின்னக் கிண்ணம் பண்ணி, கொலுவுக்கு வர்றவங்களுக்கு வெத்தலை பாக்கு வச்சுக் கொடுக்கலாம்னு ஆசைப்பட்டேன். ஆச்சி இப்போ இல்லை, கேக்க ஆளில்லை.

பண்ணினது இதுதான். பேப்பரைக் கிழிச்சு ஒரு ராத்திரி ஊறவச்சேன். மிக்ஸில நல்லா வெண்ணெய் மாதிரி அரைச்சேன். கால் கிலோ மைதாவைப் பசையாக் காய்ச்சி ஊத்தினேன், வெந்தயப்பொடி ஒரு ஸ்பூன். மூணு பாத்திரத்தைக் கவுத்து வச்சு, வெளிப்பக்கமா எண்ணெய் தடவி அப்பினேன்.

1. எவர்சில்வர் பேசின்: மொட்டை மாடி வெயில்ல வச்சேன். மறுநாள் விளிம்புலேர்ந்து நடு வரைக்கும் நாலு வெடிப்பு.
2. பித்தளைச் சொம்பு: வெடிக்கலை. ஆனா கழட்ட வரலை. சொம்பு மாமியாரோடது, அவங்க கல்யாணச் சீர். அடுத்த வாரம் ஊர்லேர்ந்து வர்றாங்க.
3. பிளாஸ்டிக் கிண்ணம்: மழை வந்துச்சுன்னு வீட்டுக்குள்ள வச்சேன். நாலாம் நாள் வெள்ளையும் பச்சையுமாப் பூசணம், கெட்ட நாத்தம்.

மிக்ஸி வேற கருகின வாடை வந்து நின்னுபோச்சு. எங்க தப்புப் பண்ணினேன்?

வெந்தயக்கை:
கண்ணு, முதல்ல ரெண்டு கேள்வி. எவ்வளவு கனமா அப்பினே? அப்புறதுக்கு முந்தி கூழைப் பிழிஞ்சியா?

மாடிப்படி:
ஒரு விரல் கனம் இருக்கும்மா. பிழியலை. சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வந்துச்சு, அப்படியே வச்சுட்டேன்.

மெக்கானிக்:
மிக்ஸி விஷயம் மட்டும் சொல்றேன். செத்திருக்காது. பிளக்கைப் பிடுங்கிட்டுக் கவுத்துப் பாருங்க, அடியில சின்னதா ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். லோடு அதிகமானா அது வெளியே தள்ளிக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு அமுக்குங்க, ஓடும். ஊறின பேப்பரைக் கெட்டியா அரைச்சா மோட்டார் தாங்காது. ஒரு கைப்பிடி பேப்பருக்கு முக்கால் ஜார் தண்ணி, விட்டு விட்டு நாலஞ்சு சுத்து, போதும். ஜார் கழுவின தண்ணியைச் சிங்க்ல ஊத்திடாதீங்க, குழாய் அடைச்சுக்கும். துணியில வடிகட்டித்தான் ஊத்தணும். (இதுக்கு நான் ஒரு தடவை பிளம்பருக்குக் காசு கொடுத்திருக்கேன்.)

வெந்தயக்கை:
சரி, இப்போ சொல்றேன். நீ பண்ணினதுல பாதி சரி, பாதி அவசரம்.

தண்ணி குடிச்ச பேப்பர் உப்பியிருக்கும், காயக் காயச் சுருங்கும். நீ பாத்திரத்துக்கு வெளியே அப்பியிருக்கே. கூழ் சுருங்குது, உள்ளே இருக்கிற எவர்சில்வர் சுருங்குமா? குளம் வத்தினா வண்டல் எப்படிப் பாளம் பாளமா வெடிக்குது, அந்தக் கதைதான். சொம்பு வெடிக்காம இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு, பேசின் வெடிச்சுது, ரெண்டுக்கும் காரணம் ஒண்ணே.

அதனால பாத்திரத்துக்கு உள்பக்கமா அப்பு. சுருங்கும்போது தானே சுவரை விட்டு விலகி வரும், தட்டினா கையில விழும். வெளியே அப்பித்தான் ஆகணும்னா, பாத்திரத்துக்கு மேல பழைய பருத்திச் சேலைத் துணியை ரெண்டு மூணு சுத்து சுத்திக்கோ. கூழ் சுருங்குறப்போ துணி கொஞ்சம் இடம் கொடுக்கும். முக்கால்வாசிக் காய்ஞ்சதும், இன்னும் லேசா வளையுற பதத்துலேயே கழட்டிடணும். முழுசாக் காயட்டும்னு காத்திருந்தா மாட்டிக்கும்.

கனம் அரை சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம். கனம் வேணும்னா முதல் பூச்சு காய்ஞ்சப்புறம் ரெண்டாம் பூச்சு. ஒரு விரல் கனம்னா மேல தோல் காய்ஞ்சுடும், உள்ளே ஈரம் அப்படியே நிக்கும். உச்சி வெயில்ல முதல் நாளே வைக்கக் கூடாது. முதல் நாள் நிழல்ல காத்தாட வச்சு, ரெண்டாம் நாள் காலை வெயில், மூணாம் நாள்தான் முழு வெயில்.

காய்ஞ்சுதான்னு எப்படித் தெரியும்னா, அடிப்பக்கத்தைக் கன்னத்துல வச்சுப் பாரு. ஜில்லுன்னு இருந்தா ஈரம் இருக்கு. விரலால தட்டினா ஈரக்கிண்ணம் தொப்புன்னு சொல்லும், காய்ஞ்சது டொக்குன்னு சொல்லும்.

பைண்டிங் கடை:
பூசணத்துக்கு மைதாதான் காரணம். மைதாவும் ஈரமும் சேர்ந்தா பூசணத்துக்கு விருந்து. நாங்க பசை காய்ச்சுறப்போ துளி மயில்துத்தம் போடுவோம். பூச்சியும் வராது, பூசணமும் வராது. நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும். நீல நிறத்துல கல்கண்டு மாதிரி இருக்கும்.

வெந்தயக்கை:
தம்பி, அவங்க வெத்தலை பாக்கு வைக்கப் போறாங்க. மயில்துத்தம் விஷம். குழந்தைங்க புழங்குற வீடு வேற. அதைச் சொல்லாதீங்க.

பைண்டிங் கடை:
அக்கா சொல்றது சரி. நான் கணக்குப் புத்தக ஞாபகத்துல சொல்லிட்டேன். சாப்பிடுற பொருள் பக்கம் துத்தம் வேண்டாம். மைதாவை விட்டுட்டு வெந்தயத்தைக் கூட்டுங்க.

வெந்தயக்கை:
அதேதான். ஒரு ஸ்பூன் வெந்தயம் சாம்பாருக்குக் காணும், கூழுக்குக் காணாது. எங்க வீட்டுக் கணக்கு, காய்ஞ்ச பேப்பர் ஒரு கிலோவுக்கு வெந்தயம் 100 கிராமுக்குக் குறையாது. பொடியாப் போடாதே. ராத்திரி ஊறவச்சுக் காலையில அரைச்சா நுரைச்சுக்கிட்டு வழவழன்னு வரும், அந்த வழவழப்புதான் பசை. கசப்புக்குப் பூச்சி அண்டாது. கறையானும் எங்க முறத்தைத் தொட்டதில்லை.

பேப்பர் மூணு நாள் ஊறட்டும், தினம் தண்ணி மாத்து. அப்புறம் உரல்ல போட்டு இடிக்கிறதுதான் நல்லது.

ஓவிய வாத்தியார்:
உரல் பற்றி அம்மா சொன்னதற்குக் காரணம் உண்டு. காகிதத்துக்குப் பலம் அதன் நார்தான். மிக்ஸி பிளேடு நாரை நறுக்கிவிடும். உரல் நாரை நசுக்கிப் பிரிக்கும். வெண்ணெய் மாதிரி அரைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேயே பாதி பலம் போய்விட்டது. உரல் இல்லையென்றால் மிக்ஸியிலேயே ரவைப் பதத்தில் நிறுத்திவிடுங்கள். கையில் எடுத்தால் நார் நாராகத் தெரிய வேண்டும்.

காகிதத்திலும் கவனம் வேண்டும். செய்தித்தாள் நன்றாக ஊறும். பளபளப்பான வார இதழ் அட்டையில் களிமண் பூச்சு இருக்கும், கூழாகாமல் செதிலாக நிற்கும். கடை பில் காகிதம் வேண்டவே வேண்டாம். சூட்டில் எழுத்து வரும் அந்தத் தாளில் பூசியிருக்கும் ரசாயனம் கையில் ஒட்டும். முட்டை அட்டை கிடைத்தால் விடாதீர்கள். அதுவே காகிதக்கூழில் செய்ததுதான், ஒரே நாளில் கரைந்துவிடும். பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் முட்டை அட்டையில்தான் ஆரம்பிப்பேன்.

வெடித்த பேசினைத் தூக்கிப் போடாதீர்கள். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் நல்ல பசை வரும். அதில் கொஞ்சம் கூழைப் பிசைந்து வெடிப்பில் அடையுங்கள். ஆந்திராவின் கொண்டப்பள்ளிப் பொம்மைக்காரர்கள் மரத்தூளோடு புளியங்கொட்டைப் பசையைக் கலந்து ‘மக்கு’ என்று ஒன்று செய்வார்கள், பொம்மைக்குக் கை கால் ஒட்டுவது அதை வைத்துத்தான். நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. புதுச்சேரியை அடுத்த திருக்கனூரின் காகிதக்கூழ் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

சிக்கனம்:
ஒரு கேள்வி கேக்கலாமா? 10 ரூபாய்க்கு பிளாஸ்டிக் கிண்ணம் கடையில அடுக்கி வச்சிருக்கான். மைதா, வெந்தயம், கரண்டு, மிக்ஸி ரிப்பேர் எல்லாம் கூட்டினா இது சிக்கனமா?

மாடிப்படி:
அண்ணா, போன வருஷம் நான் வாங்கின 10 ரூபாய் கிண்ணம் 30, இந்த வருஷம் வேற வேற வீட்டுலேர்ந்து எனக்கே திரும்பி வருது.

சிக்கனம்:
சரி, வாயை மூடிக்கிறேன்.

ஓவிய வாத்தியார்:
ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அச்சுமை ஏறிய செய்தித்தாளில் உணவுப் பொருளைப் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே எச்சரித்திருக்கிறது. கூழ் சாம்பல் நிறத்தில் இருப்பதே அந்த மையால்தான். மேலே பெயின்ட் வேறு அடிப்பீர்கள். வெற்றிலையை அதில் நேராக வைக்காமல் வாழையிலைத் துண்டு போட்டு வையுங்கள். மஞ்சள் கிழங்கு, வளையல், ரவிக்கைத் துணி வைப்பதென்றால் கவலையில்லை.

மாடிப்படி:
வாழையிலை நல்ல யோசனை சார். மிக்ஸி பட்டனை அமுக்கினதும் ஓடிடுச்சு, மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி. பூசணம் பிடிச்சதை என்ன செய்ய? சொம்பை என்ன செய்ய? மாமியார் வர 4 நாள்தான்.

வெந்தயக்கை:
பூசணம் மேலாக்க இருந்தா மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு மாடியில வச்சு உப்புத்தாள் போட்டுத் தேய், ரெண்டு நாள் வெயில் காட்டு. உள்ளே கருப்பா இறங்கியிருந்தா தூக்கிப் போட்டுடு.

சொம்புக்கு ரெண்டு வழி. பித்தளை மட்டும் முழுசா வந்தாப் போதும்னா, பக்கெட் தண்ணியில ஒரு ராத்திரி முக்கிப் போடு. நீ பெவிகால் போடலை, மைதாவும் வெந்தயமும்தான், கரைஞ்சு வந்துடும். கூழைத் திரும்பவும் பயன்படுத்தலாம். சொம்பு உருவமும் வேணும்னா அறுத்துத்தான் எடுக்கணும். கழுத்து சிறுத்து வயிறு பெருத்த பாத்திரம் எதுலயும் கூழ் முழுசாக் கழண்டு வராது, எங்க அம்மாவும் குடத்துல பண்ணினா ரெண்டா அறுத்துத்தான் ஒட்டுவாங்க.

மாடிப்படி:
அறுத்தா பித்தளையில கீறல் விழாதா?

பைண்டிங் கடை:
நேரா பிளேடு போட்டா விழும். வாயிலேர்ந்து அடி வழியா மறுபக்க வாய் வரைக்கும் ஒரே கோடாப் பென்சில்ல போட்டுக்கோங்க. அந்தக் கோட்டு மேல மட்டும் ஈரத்துணி நாடாவை அரை மணி நேரம் வச்சு எடுங்க. அந்த இடம் மட்டும் ஊறி மெத்துன்னு ஆகும். அப்புறம் பிளேடு வேண்டாம், ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிக் கூர் பண்ணி அழுத்துங்க, போதும். மரம் பித்தளையைக் கீறாது.

மாடிப்படி (மூணு நாள் கழிச்சு):
சொம்பு வந்துடுச்சு! முன்பக்கம் குச்சி அழகா இறங்குச்சு. பின்பக்கம் அவசரப்பட்டு இழுத்ததுல கழுத்துகிட்ட ஒரு கட்டைவிரல் அளவு பிய்ஞ்சுபோச்சு. உள்ளே எட்டிப் பார்த்தா, சொம்புல பொறிச்சிருந்த மாமியாரோட இனிஷியல் கூழ்ல கண்ணாடி எழுத்தா அப்படியே பதிஞ்சிருக்கு. பித்தளையைப் புளி போட்டுத் தேய்ச்சு அலமாரியில வச்சுட்டேன், கீறல் ஒண்ணும் இல்லை.

புதுசா ஒரு கூழ் போட்டேன். மூணு நாள் ஊறின பேப்பரு, அரைச்ச வெந்தயம், மைதா கிடையாது. மிக்ஸில ரவைப் பதம்தான். பழைய வேட்டியில போட்டு முறுக்கிப் பிழிஞ்சப்போ, எங்கேர்ந்துதான் அவ்வளவு தண்ணி வந்துச்சோ, அரை பக்கெட் இருக்கும். அஞ்சு கிண்ணத்துக்கு உள்பக்கமா அப்பினேன். இன்னிக்குக் காலையில அதுல மூணு விளிம்புல முடி அளவுக்கு விலகி நிக்குது.

வெந்தயக்கை:
அந்த முடி அளவு இடைவெளிதான் வேணும். நோண்டாதே, தானே வரட்டும்.

ஓவிய வாத்தியார்:
வந்த பிறகு நேராக பெயின்ட் அடிக்காதீர்கள், கூழ் குடித்துவிடும். சாக்பீஸ் தூளைப் பெவிகால் தண்ணீரில் குழைத்து இரண்டு கை பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்துவிட்டு நிறம் கொடுங்கள். போஸ்டர் கலர் ஈரக்கை பட்டால் கையோடு வரும். அக்ரிலிக் வாங்குங்கள், அல்லது மேலே வார்னிஷ் ஒரு கை.

மாடிப்படி (மறுநாள்):
மூணு கிண்ணம் கையில விழுந்துடுச்சு, வெடிப்பே இல்லை. நாலாவது இன்னும் கன்னத்துல வச்சா ஜில்லுங்குது. அஞ்சாவதுல அடி மெலிசாப் போய் விளக்கு வெளிச்சம் தெரியுது, அதுக்கு ரெண்டாம் பூச்சு கொடுக்கப் போறேன்.

மாமியார் நேத்து சாயங்காலமே வந்துட்டாங்க. சொம்பைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. மாடிக்குப் போனவங்க, காயப்போட்ட கூழை விரல்ல எடுத்து மோந்து பார்த்துட்டு, “வெந்தயம் போதாது”ன்னாங்க. இப்போ சமையல்கட்டுல இன்னும் 50 கிராம் ஊறிக்கிட்டிருக்கு. ரெண்டாம் பூச்சுக்கு வெந்தயம் கூடினா முதல் பூச்சோட ஒட்டுமா, விட்டுப் பிரியுமா?

வெந்தயக்கை:
ஒட்டும். முதல் பூச்சை ஈரக்கையால ஒருதரம் தடவிட்டு அப்பு. மாமியாரையே அப்பச் சொல்லு, கை தெரிஞ்ச ஆள் போலிருக்கு.