ஒரே நாள்ல எண்ணெய், ஆவி, தாரை, யோகா: மதுரைப் பக்கம் தெரிஞ்சவங்க அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பகுதிக்கும் மேல இருக்கிறது எழுதினவங்களோட புனைபெயர்)

வடகரைத் தைலம்:

ஊருக்குள்ள இப்போ ‘ஒரு நாள் பஞ்சகர்மா’னு போர்டு நிறைய தொங்குது. அதைப் பார்த்துட்டு வர்றவங்களுக்கு முதல்ல இதைச் சொல்லிடணும். பஞ்சகர்மான்னா ஆயுர்வேதத்துல உடம்பைச் சுத்தப்படுத்துற அஞ்சு சிகிச்சை; அது ஒரு நாள்ல முடியாது. வாந்தி, பேதி சிகிச்சைக்கு முன்னாடியே 3 முதல் 7 நாள் மருந்து நெய் குடிச்சு, எண்ணெய் தேய்ச்சு, வேர்க்க வைக்கணும். முடிஞ்ச பிறகு கஞ்சியில ஆரம்பிச்சுப் படிப்படியா சாப்பாட்டுக்குத் திரும்பணும். ஒரு நாள்ல நல்லபடியா செய்யக்கூடியது அபியங்கம் (உடம்பு முழுக்க எண்ணெய் தேய்க்கிறது), ஆவி, சிரோதாரை (நெத்தியில எண்ணெயைத் தாரையா விடுறது), ஓய்வு. அவ்வளவுதான். அதுவே உடம்புக்கு ரொம்பப் பெரிய காரியம், வரிசை தப்பாம செஞ்சா.

அபியங்கத்துக்கு எண்ணெய் அளவு: ஒல்லியான உடம்புக்கு 150 மில்லி, பருமனுக்கு 200 முதல் 250 வரை. உடம்புல முடி அதிகமா இருக்கிற ஆம்பளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். எண்ணெய் குறைஞ்சா முடி இழுபட்டு வலிக்கும், மறுநாள் முடிக்கால்ல சின்னச் சின்னக் கட்டி வரும். தலைக்கு 15, 20 மில்லி தனி. தைலத்தை நேரா அடுப்புல வைக்கக் கூடாது. கொதிச்ச தண்ணி இருக்கிற பெரிய பாத்திரத்துக்குள்ள தைலக் கிண்ணத்தை வெச்சுச் சூடு ஏத்தணும். 38 முதல் 40 டிகிரி போதும், மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டா இதமா இருக்கணும். நேரா தீயில வெச்சா அடியில கருகி மேல வெதுவெதுன்னு நிக்கும், மருந்து வாசனையும் கெட்டுப் போகும்.

ஏழு நிலையில தேய்க்கிறது வழக்கம்: கால் நீட்டி உக்காந்து, மல்லாந்து, இடது பக்கம் சாய்ஞ்சு, குப்புற, வலது பக்கம், திரும்ப மல்லாந்து, கடைசியா உக்காந்து. மொத்தம் 45 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம். கை, காலுக்கு நீளமா, மூட்டுக்கு வட்டமா, வயித்துக்குக் கடிகாரம் சுத்துற திசையில. பெருங்குடல் போற வழி அதுதான், எதிர்ப்பக்கம் தேய்ச்சா வயித்தைப் பிடிக்கும். முழங்காலுக்குப் பின்னாடி குழியை அழுத்தவே கூடாது. நரம்பு சுருண்டு புடைச்சிருக்கிற கால்ல எண்ணெயை மேலாகத் தடவலாம், பிசையக் கூடாது. ரெண்டு பேர் ரெண்டு பக்கம் நின்னு தேய்க்கும்போது கை ஒண்ணா போகணும்; ஒருத்தர் தோள்லயும் இன்னொருத்தர் முழங்கையிலயும் நின்னா, படுத்திருக்கிறவங்க உடம்பு தளரவே தளராது. வர்றவங்க முகத்தைப் பார்த்தாலே தெரியும், புருவம் சுருங்கியே இருக்கும். ஆம்பளைக்கு ஆம்பளை, பொம்பளைக்குப் பொம்பளை தெரபிஸ்ட்டுங்கிறதுல சமரசம் வேண்டாம்.

அடுத்தது ஆவிப் பெட்டி. அதிகம் தப்பு நடக்கிற இடம் இதுதான். நம்ம பக்கம் 5 லிட்டர் குக்கர்ல வெயிட்டை எடுத்துட்டு, அந்த வாயில ரப்பர் குழாய் மாட்டிப் பெட்டிக்குள்ள விடுறாங்க. தண்ணி பாதிக்கு மேல இருக்கக் கூடாது. நொச்சி, ஆடாதொடை, புளிய இலை எதுவா இருந்தாலும் துணியில முடிஞ்சு போடணும். சும்மா போட்டா இலைத் துணுக்கு வாயை அடைச்சிடும், உள்ளே அழுத்தம் ஏறும். குழாய் முனை கெண்டைக்கால் பக்கம் பார்த்து இருந்தா கால் வெந்துடும், அதனால முனைக்கு முன்னாடி பலகைத் தடுப்பு கட்டாயம். தலை வெளியே இருக்கும், உச்சியில ஈரத் துணி. நெத்தியிலயும் மேலுதட்டுலயும் முத்து முத்தா வேர்வை வந்தா நிறுத்திடணும். முதல் தடவை வர்றவங்களுக்கு 8, 10 நிமிஷம், பழகினவங்களுக்கு 15. அதுக்கு மேல நேரம் கேட்டாலும் குடுக்காதீங்க. பெட்டித் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறவர் கைக்கு எட்டணும்.

நாடிசுத்தி:

யோகா பக்கத்தை நான் சொல்கிறேன். பல இடங்களில் காலையில் எண்ணெய், ஆவி எல்லாம் முடித்துவிட்டு 12 மணிக்கு யோகா வகுப்பு வைக்கிறார்கள். இது முழுக்கத் தலைகீழ். ஆவிக்குப் பிறகு ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும், வேர்வையில் நீரும் உப்பும் போயிருக்கும், ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். அந்த நிலையில் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். உள்ளங்காலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் விரிப்பில் வழுக்கும். ஆசனம் காலை 6 மணிக்கு, வெறும் வயிற்றில். எண்ணெய் அதற்குப் பிறகுதான்.

அன்றைக்கு ஆசனமும் மிதமாகத்தான் இருக்க வேண்டும். மூட்டுகளைத் தளர்த்த 10 நிமிடம், நிதானமான சூரிய நமஸ்காரம் 4 சுற்று, பிறகு பவனமுக்தாசனம், புஜங்காசனம், மார்ஜரி, அர்த்த மச்சேந்திராசனம். ஒவ்வொன்றிலும் 5 மூச்சு நின்றால் போதும். சுவரில் கால் சாய்த்து விபரீதகரணி 5 நிமிடம். கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது வேண்டாம், அவர்கள் நாற்காலியில் கால் வைத்துப் படுத்துக்கொள்ளலாம். சிரசாசனமும் கபாலபாதியும் அன்று தேவையில்லை. முடிவில் மூக்குத் துவாரங்களில் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தி 9 சுற்று, 4 எண்ணிக்கை உள்ளே, 6 எண்ணிக்கை வெளியே. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை நிறுத்திப் பிடிக்க வேண்டாம். கும்பகம் இல்லாமலேயே மனம் அடங்குவது நன்றாகத் தெரியும்.

மாலையில் படுத்தபடியே உடம்பையும் மனதையும் தளர்த்தும் யோக நித்திரை 25 நிமிடம். இதற்கு வெளிச்சம் குறைந்த அறை, கழுத்துவரை போர்வை. நேரடியாக மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் தேய்த்த உடம்பு சிலிர்க்கும்.

இதற்கென்று காசு செலவழித்துத்தான் கற்க வேண்டும் என்றில்லை. நம் அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. தங்கிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு பாலமேட்டுப் பக்கம் சிவானந்த யோக வேதாந்த மீனாட்சி ஆசிரமம்.

மாட்டுத்தாவணி மகள்:

அக்கா, அம்மாவுக்கு 62 வயசு. சர்க்கரை இருக்கு, காலையில இன்சுலின் போடுறாங்க. கால் மதமதப்பு கொஞ்சம் உண்டு. கூட்டிட்டு வரலாமா?

வடகரைத் தைலம்:

வரலாம்மா, ஆனா டாக்டர்கிட்ட கேட்டுட்டு, இந்த மூணையும் மனசுல வெச்சுக்கிட்டு. ஒண்ணு, கால்ல உணர்ச்சி குறைவா இருந்தா சூடு தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். அதனால ஆவிப் பெட்டியும் கிழியும் (சூடான மருந்து மூட்டை ஒத்தடம்) வேண்டாம், வெதுவெதுப்பான எண்ணெய் மட்டும். ரெண்டு, இன்சுலின் போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, சூடும் காட்டக் கூடாது. மருந்து சீக்கிரம் ரத்தத்துல ஏறி சர்க்கரை சட்டுனு இறங்கிடும். வயித்துல ஊசி போட்டா அன்னைக்கு வயித்தை விட்டுடச் சொல்லுங்க. மூணு, ‘வெறும் வயித்துல வாங்க’னு யாராவது சொன்னா கேட்காதீங்க. ஊசியும் சாப்பாடும் வழக்கமான நேரத்துல முடியட்டும், 2 மணி நேரம் கழிச்சு எண்ணெய் வைக்கலாம். பையில குளுக்கோஸ் இல்லைன்னா கருப்பட்டித் துண்டு இருக்கட்டும்.

மத்தவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். காய்ச்சல், அஜீரணம், தோல்ல திறந்த புண், கால்ல ரத்தக்கட்டு இருந்தா எண்ணெயே கூடாது. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், வலிப்பு உள்ளவங்களுக்கு ஆவி கூடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களை அழுத்திப் பிசைஞ்சா கன்னிப் போகும். உள்ளே நுழைஞ்சதும் பி.பி. பார்க்காத, பதிவு பெற்ற வைத்தியர் இல்லாத இடமா இருந்தா வாசல்லயே திரும்பிடுங்க.

தாரைச்சட்டி:

சிரோதாரை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் படத்தில் பார்க்க எளிதாக இருக்கும் இந்தச் சிகிச்சைதான் கைப்பக்குவம் அதிகம் கேட்பது.

சட்டி 2 லிட்டர் கொள்ள வேண்டும். அடியில் உள்ள துளையில் திரி, அதன் நுனி நெற்றிக்கு நாலு விரற்கடை மேலே. உயரம் கூடினால் எண்ணெய் தட்டென்று விழுந்து தலைவலி கொடுக்கும். தாரை சுண்டு விரல் தடிமனில், அறுபடாமல் விழ வேண்டும். எண்ணெய் 1.5 முதல் 2 லிட்டர். ஒருவர் சட்டியை ஒரு பக்க நெற்றிப்பொட்டிலிருந்து மறு பக்க நெற்றிப்பொட்டுக்கு மெல்ல ஆட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் கீழே வடியும் எண்ணெயை எடுத்து வெந்நீர்ப் பாத்திரத்தில் இதமாக்கித் திரும்ப ஊற்ற வேண்டும். கால் சட்டிக்குக் குறைவதற்குள் ஊற்றாவிட்டால் தாரை மெலியும், சூடும் இறங்கும். இங்கேதான் ஆள் மிச்சம் பிடிக்கிறார்கள். ஒரே ஆளாகச் செய்தால் 10 நிமிடத்தில் எண்ணெய் ஆறிவிடும், படுத்திருப்பவர் இரவில் மூக்கடைப்போடு வீட்டுக்குப் போவார். புருவத்துக்கு மேல் துணிக் கயிறு கட்டி, கண்ணுக்குப் பன்னீர் நனைத்த பஞ்சு, காதுக்கு உலர்ந்த பஞ்சு. நேரம் 30 முதல் 45 நிமிடம். முடிந்ததும் உடனே எழுப்பக் கூடாது, 10 நிமிடம் அப்படியே கிடக்கட்டும்.

எண்ணெய் யாருக்கு என்ன என்பது வைத்தியர் முடிவு. பொதுவாகத் தூக்கமின்மைக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் குறுந்தொட்டி மூலிகை, பால், நல்லெண்ணெய் சேர்த்துக் காய்ச்சும் க்ஷீரபலா தைலம். மூட்டு வலி, கனத்த உடம்புக்கு கொட்டஞ்சுக்காதி தைலம். எரிச்சலான தோலுக்கு சிவப்பாக இருக்கும் பிண்ட தைலம். அக்னி நட்சத்திரத்தில் எண்ணெய்த் தாரையை விட மோர்த் தாரையே மேல். கோரைக்கிழங்கு போட்டுக் காய்ச்சிய பாலை இரவே உறை ஊற்றி, காலையில் வெண்ணெய் எடுத்து, நெல்லிக்காய்க் கஷாயம் கலந்து செய்வது. அன்றன்றைக்குப் புதிதாகச் செய்ய வேண்டும்; புளித்தது நெற்றியில் அரிக்கும். இதைச் சூடாக்குவதில்லை.

ஒருவருக்குப் பல நாள் தாரை செய்யும்போது அவருடைய எண்ணெயையே சில நாள் திரும்பப் பயன்படுத்துவது முறைதான். அடுத்தவர் தலையில் விழுந்த எண்ணெய் உங்கள் தலையில் விழக் கூடாது. ஒரு நாள் வருகிறவர்கள் பாட்டிலைக் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். 2 லிட்டர் தைலத்தின் விலையைக் கணக்குப் போட்டால், மலிவான சிரோதாரை எப்படி மலிவாகிறது என்பது புரிந்துவிடும்.

நாடிசுத்தி:

ஒரு சந்தேகம் அண்ணே. தாரையைக் காலையிலேயே ஆவியோடு சேர்த்து முடிப்பதா, மாலைக்குத் தள்ளுவதா?

தாரைச்சட்டி:

காலையில் அபியங்கம் முடிந்த கையோடு தாரை, பிறகு வெந்நீர்க் குளியல். என் பக்கம் இதுதான். ஆவியும் உண்டென்றால் ஆவி முடிந்து அரை மணி நேரமாவது ஓய்வு கொடுத்துவிட்டுத் தாரை. சாப்பிட்ட பிறகு வைப்பதென்றால் 3 மணி நேரம் இடைவெளி வேண்டும், அப்போது தலை குளிக்க இருட்டிவிடும். மாலையில் செய்தே ஆக வேண்டுமென்றால் தலைக்கு ஊற்றாமல் வெந்நீரில் பிழிந்த துணியால் எண்ணெயை ஒற்றி எடுத்து, உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்னாதி சூரணம் தேய்த்துவிடுங்கள். குளித்த பிறகும் இதே சூரணம்தான், நீர் கோக்காமல் காக்கும்.

வடகரைத் தைலம்:

எனக்கு இதுல கொஞ்சம் மாறுபாடு உண்டு. 60 தாண்டினவங்களுக்கு அபியங்கம், ஆவி, தாரை மூணையும் ஒரே காலையில வெச்சா களைச்சுப் போறாங்க. அவங்களுக்கு ஆவியை எடுத்துட்டு ரெண்டோட நிறுத்துங்க. பேக்கேஜ்ல அஞ்சு இருக்கேன்னு அஞ்சையும் வாங்கிக்கணும்னு இல்ல.

செக்கடி:

வீட்டுலயே செய்றவங்களுக்குக் குளியல் பத்தி. நம்ம பக்கம் செக்குல எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பாங்க. அந்த எண்ணெயைத் தெளிய வெச்சு மேலாக எடுங்க. அடியில நிக்கிற மண்டியைச் சூடு பண்ணினா கருகும், பிசுபிசுன்னு ஒட்டும். 100 மில்லி நல்லெண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன் சீரகம், 5, 6 மிளகு. சீரகம் பொரிஞ்சதும் இறக்கி, ஆறவிட்டு, வடிகட்டித் தேய்க்கலாம். அரை மணி நேரம் ஊறினா போதும்.

போர் தண்ணி உப்பா இருக்கிற தெருவுல சோப்பு போட்டா எண்ணெயும் சோப்பும் திரிஞ்சு வெள்ளையா தோல்ல ஒட்டும். அரப்பும் சீயக்காயும் அப்படித் திரியாது. தலைக்கு 3 டேபிள்ஸ்பூன் அரப்பை வடிகஞ்சியில குழைச்சுக்கங்க, உடம்புக்குப் பாசிப்பயறு மாவு. உசிலம்பட்டிப் பக்கத்து அரப்பு கிடைச்சா வாங்குங்க, பச்சை நிறம் போகாம இலை வாசனையோட இருக்கும். பழுப்பேறினது பழசு. கண்ணுல பட்டா நல்லா எரியும், தலையைப் பின்னாடி சாய்ச்சு அலசணும்.

கஞ்சிப்பானை:

சாப்பாடு: காலையில ஆசனம் முடிஞ்சு ரெண்டு இட்லி, சட்னி குறைவா. ஆவி முடிஞ்ச உடனே வெதுவெதுப்பான சீரகத் தண்ணி ஒரு டம்ளர், மெதுவா. மதியம் புழுங்கரிசிச் சாதம், மிளகு ரசம், சுரைக்காய்க் கூட்டு. தயிர் வேண்டாம். ராத்திரி ஏழு மணிக்குள்ள கஞ்சி: பாசிப்பயறு 50 கிராம், குருணை 50 கிராம், தண்ணி 6 டம்ளர், சுக்கு ஒரு துண்டு, சீரகம், இந்துப்பு. குழைய வெந்து இறக்கும்போது கால் டீஸ்பூன் நெய்.

வெளியூர்ல இருந்து வர்றவங்க சிகிச்சை முடிஞ்சு நேரா விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கப் போயிடுறாங்க. ஆவியில வேர்த்த உடம்புக்கு ஐஸும் ஐஸ்கிரீமும் ஆகாது, தொண்டை கட்டும். பரோட்டா, கறிதோசையும் அதே மாதிரிதான். மறுநாள் மதியம் தாராளமா சாப்பிடுங்க.

வடகரைத் தைலம்:

நடத்துறவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. எண்ணெய்த் துண்டை எப்படித் துவைக்கிறீங்கன்னு பாருங்க. வாஷிங் சோடா போட்டு வெந்நீர்ல ஊற வெச்சுத் துவைக்கலைன்னா ரெண்டு வாரத்துல சிக்கு வாடை வரும், அடுத்து வர்றவங்களுக்கு அந்த வாடையிலயே தலை வலிக்கும். எண்ணெய் முழுசா போகாத துண்டை டிரையர்ல போட்டு, சூடா குவிச்சு மூடி வெச்சா தானாவே தீப்பிடிக்கும். நம்ம ஊர் வெயில்ல கொடியில விரிச்சுக் காயப் போடுங்க. தரையில சிந்தின எண்ணெய் மேல பயறு மாவைத் தூவி அள்ளிட்டு, பிறகு வெந்நீர் விட்டுக் கழுவுங்க. எண்ணெயோட கழுவி விட்டா சாக்கடைக் குழாய் அடைச்சுக்கும்.